பூதமும் கருவியும்

புதையல்! சொல் ஒன்றுதான், அது கிளப்பிவிடும் ஆசையோ ஆயிரம். ஆசை பிறந்த இடத்தில் அச்சம் குடியேறுகிறது. அச்சம் குடியேறிய வீட்டுக்கு மந்திரவாதி தானாகவே வந்து சேருகிறான். வெற்றிலையில் மை தடவிப் பார்க்கிறான். "பூதம் காக்கிறது, பலி கேட்கிறது" என்கிறான். கோழியில் தொடங்கும் பலி, கிடாவுக்குப் போகிறது. குழந்தையின் கழுத்துவரை போன கொடுமையையும் நாளேடுகளில் படித்து நாம் நாணித் தலைகுனிந்ததுண்டு.

நாம் வளர்ந்த சிற்றூரிலும் ஒரு மேடு உண்டு. ஏர் ஓட்டினால் பானை ஓடுகள் மேலே வரும். பெருமழை பெய்தால் பச்சை படிந்த செப்புக்காசு தலைகாட்டும். பூதத்துக்கு அஞ்சி எறிந்தோர் சிலர். எடைக்குப் போட்டோர் பலர். காசில் எந்த மன்னன் சின்னம் இருந்தது என்று கேட்டவர் எவருமில்லை. வரலாறு, பழைய பாத்திரக் கடையில் உருகிப் போயிற்று!

இங்கிலாந்தில் நடந்த ஒன்றைக் கேளுங்கள், தோழர்களே! 1992 நவம்பர் 16. சஃபோக் வட்டாரத்து ஹாக்சன் என்னும் சிற்றூர். உழவர் ஒருவர் வயலில் தம் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். அதைத் தேடித்தர வந்தவர், ஓய்வு பெற்ற தோட்டக்காரர். அவர் கையில் மையில்லை, மாந்திரிகக் கோலில்லை. உலோகம் காட்டும் கருவி இருந்தது. அதன் கம்பிச் சுருளில் மின்சாரம் ஓடிக் காந்தப்புலத்தை எழுப்புகிறது. மண்ணடியில் உலோகம் இருந்தால் அதிலும் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. அதைக் கருவி உணர்ந்து ஒலி எழுப்புகிறது. இவ்வளவுதான் "மாயம்"! பலியில்லை, பரிகாரமில்லை.

சுத்தியலைத் தேடியவருக்குத் தங்கமும் வெள்ளியும் தட்டுப்பட்டன. அள்ளிக்கொண்டு ஓடினாரா? இல்லை. மேலே தோண்டுவதை நிறுத்தினார், அதிகாரிகளுக்குத் தெரிவித்தார். மறுநாளே தொல்லியல் அறிஞர்கள் வந்து முறையாக அகழ்ந்தனர். ஏறத்தாழ 15,000 உரோமக் காசுகள், 29 பொன்னணிகள், வெள்ளிக் கரண்டிகள்! மரப்பெட்டி மக்கிப்போயிருந்தது, ஆயினும் பொருள்கள் கிடந்த கிடையைக் கொண்டே, எதை எதனுள் வைத்து அடுக்கினர் என்பதைக் கண்டறிந்தனர். 17,50,000 பவுண்டு பரிசு கிடைத்தது. கண்டவர் அதை உழவருடன் பகிர்ந்துகொண்டார். தொலைந்த சுத்தியலும் கிடைத்தது. இன்று அதுவும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் உடைமை!

அப்புதையலில் வெள்ளி மிளகுச் சிமிழ்கள் நான்கு இருந்தன. அந்த மிளகு விளைந்தது எங்கே? இங்கிலாந்திலா? உரோமிலா? நம் தென்னகத்து மலைச்சாரலில்! யவனர் மரக்கலங்கள் முசிறித் துறைக்கு மிளகு நாடி வந்ததை அகநானூறு கூறுகிறது. கோவையை அடுத்த வெள்ளலூரில் 19ஆம் நூற்றாண்டில் கிடைத்த உரோம வெள்ளிக்காசுகள் அதற்குச் சான்று பகர்கின்றன. உருக்கியிருந்தால் அவை வெறும் வெள்ளி. காத்ததால் அவை தமிழர் வாணிகத்தின் சாட்சி.

நம் நாட்டிலும் அக்கருவி விற்கிறது. ஆனால் அதற்கும் பொட்டு வைத்து, நல்ல நேரம் பார்த்து, நள்ளிரவில் திருட்டுத்தனமாகப் புறப்பட்டால், பூதம் போய்விட்டதென்றா பொருள்? பூதமும் புதுக்கருவி வாங்கிக்கொண்டது என்றே பொருள்! கருவி மட்டும் போதாது. அதை ஏந்துவோனிடம் அறிவும் நேர்மையும் வேண்டும்.

பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டுமென்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் உரிய பங்கையும் அது பேசுகிறது. இதை அறிந்த உழவர் எத்தனை பேர்? பூதத்தின் கதையை மட்டும் பாட்டி முதல் பேரன்வரை அறிவர்!

எனவே தோழர்களே, படிப்பகத்தில் பேசுங்கள், களத்துமேட்டில் பேசுங்கள். காசு கண்டால் தோண்டாதே, உருக்காதே, ஒளிக்காதே. கிடந்த இடத்தைக் குறித்து அதிகாரியிடம் சொல் என்று எடுத்துரையுங்கள். மண்ணடிப் பொன்னை எந்தப் பூதமும் காக்கவில்லை. பூதம் என்னும் பொய்யைத்தான் நம் வாய்மூடித்தனம் காத்துக்கொண்டிருக்கிறது.