பசுக்கள் போன வழியில்

சென்ற ஆண்டு, என் மூத்த சகோதரியின் மகன் அழைத்ததன்பேரில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் இரு மாதங்கள் தங்கிவரும் வாய்ப்பை அல்லாஹ் அளித்தான். லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்கிக் கிழக்கு நோக்கிக் காரில் ஒன்றரை மணி நேரம் சென்றும் வீடு வந்தபாடில்லை. “லாஸ் ஏஞ்சல்ஸ் எப்போதோ முடிந்துவிட்டது மாமா. ஆரஞ்சு கவுண்டியையும் தாண்டிவிட்டோம். இது ரிவர்சைடு கவுண்டி” என்றான்.

கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது. அம்மாநிலத்தில் 58 உள்ளன. அவற்றுள் சான் பெர்னார்டினோ ஒன்று மட்டுமே நம் கேரளத்தைவிடப் பரப்பில் பெரியது!

மணமான புதிதில் அவன் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியின் ஆர்டீசியாவில் வாடகைக்குக் குடியிருந்தான். நம் நாட்டு மளிகைக் கடைகளும் சேலைக் கடைகளும் வரிசையாக நிற்கும் ஊர் அது. இரண்டாம் குழந்தை பிறந்தபின் அந்தச் சிறிய வீடு போதவில்லை. அங்கே சொந்த வீடு வாங்கவோ கைக்கு எட்டாத விலை. ஈஸ்ட்வேலுக்கு வந்து சேர்ந்தான். வேலை மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

இவ்வழியில் அவனுக்கு முன்பே பசுக்கள் வந்திருக்கின்றன என்பதை அறிந்து வியந்தேன். ஆர்டீசியாவை அடுத்த செரிட்டோஸ், 1956இல் நகராட்சியானபோது ‘பால் பள்ளத்தாக்கு’ என்றே பெயர் பூண்டது. அன்று அங்கே மனிதரைவிட மாடுகளே அதிகம். நிலத்தின் விலை ஏற ஏற, டச்சு, போர்த்துகீசியப் பண்ணையாளர்கள் நிலத்தை விற்றுவிட்டுச் சீனோ பகுதிக்கு மாடுகளை ஓட்டிச் சென்றனர். 1967இல் ஊரின் பெயரும் மாறிற்று. பின்னர் சீனோவிலும் ஈஸ்ட்வேலிலும் மனை விலை ஏறியது. பண்ணைகள் வடக்கே டுலாரி கவுண்டிப் பக்கம் நகர்ந்தன. அக்காலி நிலத்தில் எழுந்தவைதாம் இன்றைய வீடுகள். ஈஸ்ட்வேல் நகரானது 2010இல்தான்.

1990இல் ரிவர்சைடு கவுண்டியின் மக்கள்தொகை சுமார் 11.7 இலட்சம், 2020இல் 24 இலட்சத்துக்கும் மேல். வருமானவரிப் படிவங்களில் உள்ள முகவரிகளை ஆண்டுக்காண்டு ஒப்பிட்டு, எந்தக் கவுண்டியிலிருந்து எந்தக் கவுண்டிக்கு எத்தனை குடும்பங்கள் பெயர்ந்தன என்று அரசே கணக்கு வெளியிடுகிறது. ஆனால் அன்றாடம் பெயர்ந்து மீளும் தகப்பன்மார் அக்கணக்கில் வருவதில்லை. நம்மவர் சென்னை மண்ணடிக்குக் குடிபெயர்ந்தபோது, பிழைப்பு இருந்த இடத்துக்கே வீடும் போயிற்று. இங்கோ நேர்மாறு.

சுபுஹுக்கு வெகுமுன்பே புறப்பட்டுவிடுவான். போகும் வழியில் ஓரிடத்தில் காரை நிறுத்தித் தொழுதுகொள்வானாம். மலையிடுக்கில் செல்லும் 91ஆம் நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்கின்றன. 1995இல் திறந்த கட்டணப் பாதையை 2017இல் ரிவர்சைடு கவுண்டிக்குள்ளும் நீட்டினார்கள். நெரிசல் வேளையில் அதன் கட்டணம் ஏறும். ஆகவே அவன் அதில் செல்வதில்லை. “வாப்பா எங்கேம்மா?” என்று நான்கு வயதுப் பேத்தியிடம் கேட்டேன். “காரில்” என்றாள். அலுவலகம் என்றோ வேலை என்றோ அவள் சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்திய இரவு, வீட்டை விற்றுவிட்டு ஆர்டீசியாவுக்கே வாடகைக்குப் போய்விடலாமா என்று என்னிடம் யோசனை கேட்டான். போய்விடு என்றேன். பிள்ளைகளுக்கு இங்கே பள்ளியும் முற்றமும் அமைந்துவிட்டதை அவன் மனைவி மெல்ல எடுத்துச் சொன்னாள். அதுவும் நியாயமாகவே பட்டது. அக்காளிடம் என்ன சொல்வது என்று எண்ணியபடி அமர்ந்திருந்தேன். மணி பத்தாயிற்று. மூன்றரைக்கு எழ வேண்டும் என்று சொல்லி, பேச்சை அப்படியே விட்டுவிட்டு அவன் உறங்கச் சென்றான்.