சாம்பல் மண்ணிற் சைக்கிள் தடங்கள்

சைக்கிளுக்கும் எமக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. யாழ்ப்பாணத்திலே பிறந்து வளர்ந்த எவருக்கும் அது இன்னொரு கால் போன்றது. பள்ளிக்கூடம், சந்தை, தோட்டம், கல்யாணவீடு, செத்தவீடு ஆகிய எல்லாவற்றிற்கும் அதிலேயே போனோம். ஆயினும், போகவேண்டிய இடம் எதுவுமின்றி, அதனை ஒரு மலைமீது ஏற்றிக்கொண்டுபோய், அங்கிருந்து காட்டினூடே உருண்டிறங்கி வருவதையே இன்பமாகக் கொள்வோரும் உலகில் உளர் என்பதை, எமது அறுபத்திரண்டாவது வயதிலே, நியூசிலாந்திற் குடியேறிவிட்ட தங்கையின் மகனிடம் சென்றபோதுதான் கண்ணாரக் கண்டோம்.

அவன் வாழும் ஊர் ரொட்டோருவா. வடதீவின் நடுவே, அதே பெயர்கொண்ட ஏரியின் கரையில் உள்ளது. பஸ்ஸை விட்டிறங்கியதுமே கந்தக நெடி மூக்கைத் தாக்கிற்று. கூழ்முட்டை நாற்றம் என்றால் வாசகர்க்கு எளிதில் விளங்கும். பூங்காவிலே சேறு கொதிக்கிறது. வேலிக்கு அப்பால் நிலம் ஆவி விடுகிறது. ஊரவர் இதனைச் சற்றும் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை. ஊரின் எல்லையிலே வாக்கரேவரேவா என்னும் காடு தொடங்குகிறது. சைக்கிளுக்கென்றே வெட்டப்பட்ட தடங்கள் அதனுள்ளே 160 கிலோமீற்றருக்கு மேல் உள்ளன. 1990களில் ஆர்வலர் சிலர் தம் ஓய்வுநேரத்தில் வெட்டத் தொடங்கியவை அவை. 2006 இல் மலைச்சைக்கிள் ஓட்டத்தின் உலகப் போட்டியே ரொட்டோருவாவில் நடந்ததென்றால், அவ்வூருக்கும் இவ்விளையாட்டுக்கும் உள்ள நெருக்கத்தை ஊகிக்கலாம்.

மருமகன் எமக்கென இரவல் வாங்கிவந்த சைக்கிளைக் கண்டதும் தயங்கினோம். எமது பழைய லுமாலாவின் ரயரைப்போல் இருமடங்கு பருத்த ரயர். முன்னும் பின்னும் அதிர்ச்சிதாங்கிகள். ஓடும்போதே ஆசனத்தைத் தாழ்த்துதற்கு ஒரு விசை. மட்காட் இல்லை; மணி இல்லை; டைனமோ இல்லை; கரியரும் இல்லை. “கரியர் இல்லாத சைக்கிள் என்ன சைக்கிளடா?” என்றோம். அவன் சிரித்தான்.

இவ்விளையாட்டின் பிறப்பு வேடிக்கையானது. 1976 இல், அமெரிக்காவின் கலிபோர்ணியாவிலே, மரின் என்னும் பகுதியைச் சேர்ந்த இளைஞர் சிலர் கைவிடப்பட்ட பழஞ்சைக்கிள்களைத் தேடியெடுத்து, செங்குத்தான மலைப்பாதையொன்றிற் போட்டிக்கு ஓடினர். பின்னோக்கி மிதித்து நிறுத்தும் அக்காலத்துப் பிறேக், இறக்கம் முடிவதற்குள் சூடேறி, உள்ளிருந்த கிறீஸ் முழுவதும் புகைந்துபோகும். ஒவ்வோர் ஓட்டத்தின் பின்னும் புதுக் கிறீஸ் அடைக்கவேண்டியிருந்ததால், மீண்டும் அடைத்தல் என்ற பொருளில் அப்பாதைக்கே ‘றீபாக்’ என்று பெயராயிற்று. அன்று குப்பையிற் கிடந்த வாகனத்தின் வாரிசு இன்று என்ன விலைக்கு விற்கிறது என்பதை இங்கு எழுதினால் வாசகர் நம்பார்.

காட்டினுள்ளே புகுந்ததும் முதலில் எதிர்ப்பட்டவை கலிபோர்ணியச் செம்மரங்கள். 1901 இல் நடப்பட்டவை. இன்று 70 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கின்றன. அவற்றைக் கடந்தால் பைன் மரங்கள். அவற்றின் கீழே ஆளுயரத்திற்கும் மேலாக வளர்ந்த மரப்பன்னங்கள். தடமோ இரண்டு சாண் அகலம். வளைவுகளில் மண்ணை அணைத்துச் சுவர்போற் சாய்த்திருக்கின்றனர். அச்சாய்வில் ஏறினாற் சைக்கிள் தானாகவே திரும்பிவிடுகிறது. தடத்தின் கடுமையை வாயிலிலே நிறத்தாற் குறித்துள்ளனர். பச்சை எளியது, கறுப்பு எம்மைப் போன்றோர்க்கு உரியதன்று.

“மாமா, முன் பிறேக்கை இறுக்கிப் பிடியாதையுங்கோ. சில்லைப் பாக்காமல் தூரத்தைப் பாருங்கோ. எங்கை பாக்கிறியளோ அங்கைதான் சைக்கிள் போகும்” என்று மருமகன் ஓதிக்கொண்டே வந்தான். அவன் சொல் முற்றிலும் உண்மையென்பதை மூன்றாவது வளைவிலே உணர்ந்தோம். வெள்ளி நிறத்தில் அடிப்புறம் மின்னிய ஒரு பன்னவோலையை வியந்து பார்த்தோம். சைக்கிளும் அப்பன்னத்திற்குள்ளேயே சென்று முடிந்தது.

விழுந்தவனுக்குத்தான் மண்ணைப் பார்க்க நேரம் கிடைக்கும். கையில் ஒட்டியது சாம்பல் நிறத்து மணல். இடையிடையே நுரைக்கற் துண்டுகள், கடலை அளவானவை, ஊதினாற் பறந்துவிடுமோ என்னும்படி பாரமற்றவை. முதல்நாள் இரவு முழுவதும் மழை பெய்திருந்தும் தடத்திற் சேறில்லை. இந்நிலம் எரிமலைகள் உமிழ்ந்தது. ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன் தெற்கே தவுப்போ எரிமலை வெடித்து வடதீவின் நடுப்பகுதியையே நுரைக்கல்லால் மூடிற்று. அருகிலுள்ள தரவேரா மலையும் காலத்துக்குக் காலம் தன் பங்கைச் சேர்த்தது. அம்மண் நீரை நிறுத்தி வையாது. ஆகவே மாரியிலும் சைக்கிள் ஓடலாம். இன்று விளையாட்டுக்கு வரமான இம்மண் வேளாண்மைக்குச் சாபமாய் இருந்த காலம் ஒன்றுண்டு. பச்சைப்பசேலென்ற புல்லைத் தின்றுகொண்டே மாடும் ஆடும் எலும்புந்தோலுமாகி இறந்தன. மண்ணில் கோபால்ற் என்னும் தாதுப்பொருள் போதாமையே காரணம் என்பது 1930களிலேதான் தெளிவாயிற்று. அதற்குள், பயனற்றதெனக் கருதப்பட்ட நிலத்தில் அரசு மரம் நாட்டிவிட்டது. 1898 இல் வாக்கரேவரேவாவிலே நாற்றங்கால் அமைந்தது. தெற்கே வையோத்தாப்பு என்னுமிடத்தில், 1901 முதற்கொண்டு, சிறைக்கைதிகளை முகாமிட்டு வைத்துக் கன்று நடுவித்தனர். பின்னர் 1930களின் பெருமந்தத்தின்போது வேலையற்றோர் வந்து கைங்கரோவா சமவெளியில் நட்டனர். அக்கைகளின் பெயர்களை எந்தத் தடத்தின் வாயிலிலும் நாம் காணவில்லை. தடங்களுக்கு வைக்கப்பட்டுள்ள பெயர்களோ ஏராளம்; பாதி கேலிப்பெயர்கள்.

மறுநாள் முழங்கால் நோவினாற் சைக்கிளைத் தொடாது, காட்டின் ஓரத்திலுள்ள வாக்கரேவரேவா கிராமத்திற்கு நடந்து சென்றோம். வெந்நீர்ச் சுனைகளின் நடுவே மாவோரிக் குடும்பங்கள் இன்றும் அங்கு வாழ்கின்றன. சோளத்தைச் சுனையில் அவித்தும், இறைச்சியை நில ஆவியிற் பெட்டிவைத்துப் புழுக்கியும் உண்கின்றன. ஊரைச் சுற்றிக்காட்டிய மூதாட்டி, எமது முழங்காற் கட்டைக் கண்டு, “காட்டிலா?” என்று கேட்டார். ஆமென்றோம். “அந்த மண் எங்களையும் விழுத்தியதுதான்” என்று சொல்லிவிட்டுத் தம் முன்னோர் கதையைத் தொடங்கினார்.

அவர் தூஹோராங்கி குலத்தவர். அக்குலத்தார் முன்பு தரவேரா மலையடியிலே, தே வைரோவா முதலிய ஊர்களில் வாழ்ந்தனர். அங்கே ஏரிக்கரையில், இளஞ்சிவப்பும் வெண்மையுமாகப் படிப்படியாய் இறங்கிய கல்மாடங்களைக் காண உலகெங்கிலுமிருந்து பயணிகள் வந்தனர். ஓடம் வலித்ததும் வழிகாட்டியதும் அக்குலத்தாரே, வருவாயும் அவர்களதே. 1886 யூன் 10ஆம் நாள் அதிகாலையில் மலை பிளந்தது. ஏறத்தாழ 120 பேர் மாண்டனர், பெரும்பாலோர் மாவோரிகள். கல்மாடங்கள் மறைந்தன, ஊர்கள் சேற்றிலும் சாம்பலிலும் புதைந்தன. வழிகாட்டியாயிருந்த சோபியா ஹினெராங்கி என்னும் அம்மையாரின் வீடு அப்பாரத்தைத் தாங்கிற்று; அறுபதுக்கு மேற்பட்டோர் அதனுள் ஒதுங்கி உயிர் தப்பினர். எஞ்சியோரில் ஒரு பகுதியினர் இங்கு வந்தனர், உறவினர் இடங்கொடுத்தனர். இங்கும் வழிகாட்டும் தொழிலையே கைக்கொண்டனர். “ஐந்து தலைமுறையாகப் பிறருக்கு வழிகாட்டுகிறோம்” என்று கூறி அம்மூதாட்டி சிரித்தார்.

நாம் சிரிக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் மாலை எம் நினைவில் எழுந்தது. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்த அன்று, கரியரில் அம்மாவை இருத்தி, கைபிடியின் இருபுறமும் பைகளைத் தொங்கவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தோம். ஏறி ஓட இடமில்லை. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் மணிக்கணக்காக நின்றோம். பெற்றோல் இல்லாத அந்த ஆண்டுகளிலே நோயாளியையும் விறகையும் சுமந்தது அச்சைக்கிளே. மின்சாரம் இல்லாத இரவுகளில் அதன் டைனமோவைச் சுழற்றியே றேடியோவிற் செய்தி கேட்டோம். இவற்றையெல்லாம் மூதாட்டியிடம் அரைகுறை ஆங்கிலத்திற் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, “திரும்பிப் போனீர்களா?” என்று மட்டும் கேட்டார். போனோம், வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை என்றோம். “எங்களுக்குத் திரும்பிப் போக ஊரே இருக்கவில்லை” என்றார். பின்பு ஆவிப்பெட்டியைத் திறந்து, எமக்கு ஒரு சோளக்கதிர் எடுத்துத் தந்தார்.

காட்டு நிலத்தின் கதையையும் அவர் வாயிலாகவே அறிந்தோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலே நில நீதிமன்றமும் அரசின் கொள்வனவும் சேர்ந்து மாவோரி மக்களின் நிலத்தைத் துண்டு துண்டாகக் கைநழுவச் செய்தன. நெடுங்கால வழக்குகளின் பின்னர், 2008 இல் ஏற்பட்ட ஓர் உடன்படிக்கையின்படி, நடு வடதீவின் அரச காடுகள் நின்ற 176,000 ஹெக்டேயர் நிலம் அங்குள்ள குலங்களுக்கு மீண்டது. 2009 யூலையில் அது நடைமுறைக்கு வந்தது. இக்காட்டு நிலமும் அவ்வாறு மீண்டதே. ஆனால் மேலே நிற்கும் பைன் மரங்கள் உரிமம்பெற்ற கம்பனிக்கு உரியவை. நிலம் ஒருவர்க்கு, மரம் இன்னொருவர்க்கு. இவ்விரண்டுக்கும் நடுவே, இருவரின் இசைவினால், இரண்டு சாண் அகலத்திற் சைக்கிள்காரர் ஓடுகின்றனர்.  இச்செய்தியை மருமகனிடம் சொன்னபோது, எட்டு ஆண்டுகளாக அங்கே ஓடும் அவனுக்கு அதிற் பாதிதான் தெரிந்திருந்தது. அவனை நாம் குறைகூறவில்லை. எமது ஊர்த் தெருக்களின்கீழ் யாருடைய காணி இருந்தது என்று நாம் என்றாவது கேட்டதுண்டா?

ஞாயிற்றுக்கிழமை அவன் எம்மை வேறொரு பக்கத்திற்கு அழைத்துச் சென்றான். அங்கே மலைச்சரிவு மொட்டையாய்க் கிடந்தது. பைன் மரங்கள் ஏறத்தாழ முப்பது ஆண்டில் முற்றிவிடும். கம்பனி வெட்டும்போது அடியிலுள்ள தடமும் போய்விடும். வெட்டி முடிந்தபின் சைக்கிள்காரர் வந்து மீண்டும் அமைப்பர். அன்று இருபது பேர்வரை வந்திருந்தனர். தச்சர், தாதி, ஆசிரியர், ஒரு பள்ளிச் சிறுமி. கூலி கிடையாது, மதியத்திற்கு ரொட்டியும் பொரித்த சொசேஜும் மட்டுமே. எம் கையிலும் ஒரு விறாண்டியைத் தந்தனர். தோட்டம் செய்த கைக்கு அது புதிதன்று. ஆனால் தடத்தைச் சமமாக மட்டம் பண்ணியது பிழையென்று அச்சிறுமி திருத்தினாள். வெளிப்புறமாகச் சற்றுச் சரிந்திருந்தாற்றான் மழைநீர் குறுக்கே வழிந்தோடும், இல்லையேல் தடமே வாய்க்காலாகி அரித்துப்போகும் என்றாள். எமது வரம்புகட்டும் அறிவிற்கு நேர்மாறான பாடம் அது. வாளி வாளியாகச் சாம்பல் மண் சுமந்து, ஒரு வளைவை அணைத்து, மண்வெட்டியின் பின்புறத்தால் அடித்து இறுக்கினோம். மாலையாகும்போது ஏறக்குறைய முப்பது மீற்றர் முடிந்திருந்தது.

கருவிகளைக் கழுவிக்கொண்டிருக்கையில் மேலேயிருந்து ஓர் இளைஞன் வந்தான். யாரென்று தெரியாது. புதுத்தடத்தைக் கண்டதும் தயங்காமல் நுழைந்து, நாம் அணைத்த வளைவிற் சாய்ந்து, எவரையும் பாராமல் கீழே பறந்து மறைந்தான். மண் ஒரு துளியும் பெயரவில்லை. மருமகன் குனிந்து அவன் ரயர் பதிந்த அடையாளத்தைப் பார்த்தான். “நல்லாத்தான் இறுக்கியிருக்கிறியள், மாமா” என்றான்.