அண்டை வீட்டு ஈஸ்ட்

நார்வே தேசத்தின் மேற்குப் புறத்தில், பெர்கன் துறைமுகத்தில் ரயிலேறி மலைகளுக்கும் நீர்நிலைகளுக்கும் நடுவே சென்று இறங்குகிற வோஸ் வட்டாரத்தில், பண்ணை வீடுகளில் பீர் காய்ச்சுவது வியாபாரத்தை உத்தேசித்தல்ல. கிறிஸ்துமஸ், கலியாணம் முதலிய விசேஷங்களை முன்னிட்டுத் தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிற சம்பிரதாயம் அது. பண்டிகைக்குப் பீர் காய்ச்சாத குடியானவனுக்கு அபராதம் விதித்த பழைய குலாத்திங் சட்டம் இந்தப் பிரதேசத்துக்கே உரியது. வீட்டில் பீர் காய்ச்சுகிறவர், பழகிய ஈஸ்ட் கைக்குக் கிடைக்காதபோது அதன் ஸ்தானத்தில் வேறு எதை வைப்பது என்று அறிய விரும்பினால், விற்பனைப் பட்டியல்களைப் புரட்டுவதற்கு முன் இந்த மனிதர்களிடம் கேட்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

நான் சென்ற பண்ணையில், வீட்டுக்குச் சற்று விலகி நின்ற மரக்கொட்டகைக்குள், விறகடுப்பின் மேல் ஒரு பெரிய செப்புக் கொப்பரை ஏற்றப்பட்டிருந்தது. ஜூனிப்பர் கிளைகளைப் போட்டுக் கொதிக்கவைத்த நீரில் முளைகட்டி உலர்த்திய பார்லியை ஊறவைத்து, இனிப்பெல்லாம் இறங்கிய பிறகு வடித்தெடுத்த சாற்றை, பொன்னிறம் மாறிச் செம்பழுப்பு ஏறுமட்டும், மூன்று நான்கு மணி நேரம் அவசரமின்றிக் காய்ச்சுகிறார்கள். வடக்கே ஹார்னிண்டால் பக்கத்தில் சாற்றைக் கொதிக்கவிடாமலே பீராக்குவதும் உண்டு. அடுப்பைவிட்டு நகராமல் இருந்த பெரியவர், சாறு ஆறி 39 டிகிரிக்கு இறங்கியதும், தம் குடும்பத்தார் காப்பாற்றிவைத்திருந்த ஈஸ்ட்டை அதில் ஊற்றினார். அந்தப் பழைய பண்ணை ஈஸ்ட்டுக்கு அவர்கள் வழங்கும் பெயர் க்வைக்.

இந்த 39 டிகிரி என்பதில்தான் விஷயத்தின் உயிர்நாடி இருக்கிறது. சாதாரண ஏல் ஈஸ்ட்டுக்கு 20 டிகிரியை ஒட்டிய உஷ்ணமே இசைவானது. லாகர் ஈஸ்ட்டோ 10 டிகிரி சுமாருக்குக் குளிர்ந்த அறையை வேண்டுவது. இவற்றை வோஸ் முறைப்படி வெந்நீர்ச் சூட்டில் இட்டால், தொண்டையைக் கரிக்கும் சாராய நெடிதான் மிஞ்சும். க்வைக்கோ அதே சூட்டில் சுமார் இரண்டே நாளில் வேலையை முடித்து, ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறியது போன்ற ஒரு வாசனையையும் கொடுத்துவிடுகிறது. பவேரியாவின் கோதுமை பீரில் எழுகிற கிராம்பு மணம் இதில் இல்லை. ஆகையால் அவ்வின ஈஸ்ட்டை இதற்குப் பதிலாகக் கொள்வதும் பொருந்தாது.

"உங்கள் க்வைக் கெட்டுப்போனால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். "பக்கத்துப் பண்ணைக்குப் போவேன், அவர்களுடையது கெட்டபோது நாங்கள் கொடுத்திருக்கிறோம்" என்றார் பெரியவர். நம் வீடுகளில் உறைமோர் இல்லாத நாளில் கிண்ணத்தோடு அடுத்த வீட்டுக்குப் போவதைப் போன்றதே இதுவும். ஒரே நீரையும், ஒரே சூட்டையும், ஒரே விதமான பார்லியையும் கண்டு பழகிய ஈஸ்ட்டைவிடச் சிறந்த மாற்று வேறெங்கே கிடைக்கும்!

பெர்கனிலிருந்து வோஸுக்கு ரயில் வந்த அதே 1883ஆம் ஆண்டில்தான், கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன், ஈஸ்ட்டின் ஒரே ஒரு உயிரணுவைப் பிரித்து வளர்த்து, அந்தச் சுத்த வித்தைக் கொண்டு பீர் தயாரிக்க வழிசெய்தார். தொழிற்சாலைகளுக்கு அது மகத்தான உபகாரம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பண்ணைக் க்வைக் பெரும்பாலும் பல வம்சங்கள் கூடிவாழும் கூட்டம். அதிலிருந்து ஒன்றை மட்டும் பொறுக்கிப் பொட்டலமிட்டு விற்கும்போது, பெயர் ஒன்றாயிருந்தாலும் குணம் முழுவதும் வந்துசேர்வதில்லை. க்வைக் இனங்கள் மற்றப் பீர் ஈஸ்ட்டுகளினின்றும் மரபில் வேறுபட்ட தனிக்குழு என்று 2018இல் வெளியான ஆராய்ச்சி நிறுவியிருக்கிறது. குடியானவர்களின் தேர்வும் பராமரிப்பும் உண்டாக்கிய இந்தச் செல்வத்தை நாம் போற்றிக் காப்பாற்ற வேண்டும்.

அண்டை வீடும் கைவிட்டால்? பெரியவர் இதற்கு உடனே விடை சொல்லவில்லை. காய்ச்சும் இடத்தின் உஷ்ணத்தை முதலில் பார்க்க வேண்டும், பிறகு சாற்றின் சர்க்கரையில் எவ்வளவை மாற்று ஈஸ்ட் தின்று தீர்க்கும் என்று பார்க்க வேண்டும், அடுத்தமுறைக்கு எடுத்துவைப்பது மேல்நுரையிலிருந்தா, அடிவண்டலிலிருந்தா என்பதும் தெரிய வேண்டும், வாசனை கடைசியில்தான் என்றார். வடக்கே ஸ்டியோர்டால் ஊரார் தங்கள் பழைய ஈஸ்ட்டை இழந்த பின் ரொட்டி ஈஸ்ட்டைக்கொண்டே காய்ச்சுவதை நான் எடுத்துச்சொன்னேன். அங்கே ஆல்டர் மர விறகின் புகையில் உலர்த்திய மால்ட் என்னும் முளைகட்டிய பார்லியே சுவையை ஆள்கிறது. ஈஸ்ட் மாறினாலும் அந்தப் பீர் தன்னை இழப்பதில்லை. வோஸில் அப்படியல்ல என்று தலையசைத்தார் அவர். ரொட்டி ஈஸ்ட்டுக்கு அவர் சம்மதிக்கவில்லை. மணம் அடக்கமான ஆங்கிலேய ஏல் ஈஸ்ட் ஒன்றை வாங்கி, சாற்றை 20 டிகிரிக்கு நன்றாக ஆறவிட்டு, நாட்கள் கூடுதலானாலும் பொறுத்திருந்து அந்தப் பண்டிகையை நடத்திவிட வேண்டும், அடுத்த பண்டிகைக்குள் இன்னொரு பள்ளத்தாக்குக்காவது நடந்து க்வைக் வாங்கிவர வேண்டும் என்றார்.