அரிட்டாபட்டியில் ஒரு காலை

மதுரையிலிருந்து மேலூர் மார்க்கமாகச் சுமார் 25 கிலோமீட்டர் பிரயாணம் செய்தால் அரிட்டாபட்டி வரும். சென்ற விடுமுறையில் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு, பொழுது புலருமுன்பே ஆனைகொண்டான் கண்மாய்க் கரையை அடைந்தேன். (பாண்டி நாட்டில் ஏரியைக் கண்மாய் என்பதே வழக்கம்.)

சுற்றிலும் ஏழு குன்றுகள். மழைநீர் பாறைகளில் வழிந்து, சுனைகளில் தங்கி, பிறகு கண்மாய்களுக்கு இறங்குகிறது. நீருள்ள இடத்தில் பட்சிகளுக்குக் கேட்பானேன்? சுமார் 250 வகை உண்டென்று கணக்கெடுத்திருக்கிறார்கள். முகட்டிலிருந்து லகர் வல்லூறு ஒன்று சரேலென்று பாய்ந்ததும் வாயாடிப் பையன்கள்கூட மூச்சடங்கி நின்றார்கள். அழுங்கும் தேவாங்கும் இருட்டில் நடமாடுபவை. எங்களுக்குத் தரிசனம் தரவில்லை. குடைவரைச் சிவாலயத்தையும், சமணர் படுக்கைகளையும், தமிழ்ப் பிராமி எழுத்துக்களையும் பார்க்கத் தனியே ஒரு நாள் வேண்டும்.

2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசாங்கம் அறிவித்த ஊர் இது. ஆயினும் 2024-இல் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் போன பரப்பில் இதுவும் சேர்ந்திருந்தது! ஜனங்கள் மதுரைவரை ஊர்வலமாக வந்தார்கள்; 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாயிற்று.

"மலையை வெட்டியிருந்தால் பட்சிகள் எங்கே போயிருக்கும், ஸார்?" என்றான் ஒரு பையன்.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி முந்திக்கொண்டாள்: "அதுகளுக்கு றெக்கை இருக்கு, தம்பி. நாங்க எங்கே போறது?"

பையன் ஒன்றும் பேசவில்லை. அவள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மடைப் பக்கம் போய்விட்டாள்.