சுவாமிமலை உலையடியில்

சித்திரை வெயிலில் சிலை வார்க்கும் பட்டறைக்குப் போகாதே என்று கும்பகோணத்து நண்பர் தடுத்தார். நான் போக நினைத்ததே அந்த வெயிலுக்காகத்தான். சிலையை முதலில் வடிப்பது மெழுகில். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்கு வெகு முன்பே குழைந்துபோகும். வெளியே 40 டிகிரி கொளுத்தும்போது அதில் விரலும் நகமும் எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

சுவாமிமலையில் நான் போன பட்டறையில் அதற்கு விடை ஒரு தண்ணீர்த் தொட்டி. செய்து முடித்த கைகள், பாதங்கள், ஒரு கிரீடம் எல்லாம் அதற்குள் கிடந்தன. தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகு அது. குங்கிலியம் இறுக்கம் தரும். எண்ணெய் கைக்கு வசமாக்கும். தோளில் கையை ஒட்டும் நேரம் வந்ததும் மூத்த ஸ்தபதி சிறிய இரும்புக் கரண்டியைத் தணலில் காட்டி, ஒட்டவேண்டிய இடத்தில் ஒரு இழுப்பு இழுத்தார். இரும்பு தொட்ட இடம் உருகியது. அரை அங்குலம் தள்ளி இருந்த தோள்வளையின் பூவேலை துளியும் கலங்கவில்லை.

மெழுகு அவ்வளவு மந்தம். ஒரே அளவில் ஒரு செம்புத் துண்டையும் ஒரு மெழுகுத் துண்டையும் எடுத்துக்கொண்டால், செம்பு கடத்தும் சூட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட மெழுகு கடத்தாது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் யான் இங்கென்ஹௌஸ் என்ற டச்சு விஞ்ஞானி, பல உலோகக் கம்பிகளில் மெழுகு பூசி, ஒரு முனையைச் சூட்டில் வைத்து, எந்தக் கம்பியில் மெழுகு அதிக தூரம் உருகுகிறது என்று பார்த்தார். உலோகங்களின் கடத்துதிறனை ஒப்பிட அவர் கண்ட வழி அது. ஸ்தபதியிடம் சொன்னேன். "அவரு உருக்கிப் பாத்தாரு தம்பி, நாங்க உருகாம பாத்துக்கறோம்" என்றார்.

மெழுகு உருவத்தின் மேல் மண் ஏறுவதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். முதல் பூச்சு காவிரி வண்டல். மாவுபோல நைந்த அந்த மண்தான் நகக்கோடு வரை பதிய வைக்கும். பிறகு வயல் களிமண்ணும் மணலும் கலந்த கனமான பூச்சுகள். பெரிய சிலையென்றால் இரும்புக் கம்பி சுற்றி மேலும் ஒரு பூச்சு. ஒவ்வொன்றும் நிழலில்தான் காய வேண்டும். வெயிலில் வைத்தால் உள்ளே மெழுகு குழையும் என்பது எனக்கே தெரிந்தது. இன்னொரு காரணத்தை ஸ்தபதி சொன்னார்: மேல்மண் முந்திக் காய்ந்து சுருங்கும், உள்மண் ஈரமாகவே நிற்கும், இடையில் வெடிப்பு விழும். மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12-ஆம் நூற்றாண்டில் எழுதிய மானசோல்லாசம், வார்ப்பு மண்ணில் கருகிய உமி, பொடியாக நறுக்கிய பஞ்சு, உப்பு கலக்கச் சொல்கிறது. உமியும் பஞ்சும் இருக்கும் மண்ணில் காற்றும் ஆவியும் வெளியேற நுண்துளைகள் கிடைக்கும்.

காய்ந்த அச்சை வறட்டி அடுக்கி மூட்டம் போடுகிறார்கள். மெழுகு வழிந்து ஓடியதும் வேலை முடிந்தது என்றுதான் புதிதாகப் பார்ப்பவர் நினைப்பார். ஓடியது மெழுகு மட்டும். மண்ணுக்குள் ஈரம் இன்னும் இருக்கிறது. தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,600 மடங்கு விரியும். ஈரம் மிச்சமிருக்கும் அச்சுக்குள் உருகிய உலோகம் இறங்கினால் அது வெடித்து ஊற்றுகிறவன் மேலேயே தெறிக்கும். ஆகவே மண்ணின் நடு வரை சூடு போய்ச் சேர்ந்தாக வேண்டும். அங்கேதான் சிக்கல். ஜோசப் ஃபூரியே 1822-இல் வெளியிட்ட வெப்பச் சமன்பாட்டின்படி, கனம் இரண்டு மடங்கானால் சூடு உள்ளே போய்ச் சேரும் நேரம் நான்கு மடங்காகும். நெருப்பைக் கூட்டி இதை ஏமாற்ற முடியாது. வெளிமண் வெந்து வெடிக்குமே தவிர உள்மண் சுடாது. "ஒரு விரக்கட மண்ணு கூடிச்சுன்னா ஒரு ராத்திரி கூடும்" என்பது ஸ்தபதியின் கணக்கு. ஃபூரியே இதை மறுத்திருக்க மாட்டார்.

உள்ளே சுட்டுவிட்டது என்பதை அச்சின் வாயைப் பார்த்துச் சொல்கிறார்கள். முதலில் மெழுகுப் புகை, அடுத்து வெளிறிய ஆவி, கடைசியில் எதுவும் இல்லை. துளைக்குள் மங்கிய சிவப்பு. வெப்பமானி ஒன்று இருக்குமோ என்று சுற்றுமுற்றும் தேடினேன். இல்லை.

உலையில் செம்பு. அது 1,084 டிகிரியில் உருகும். துருத்தி போய் மின்விசிறி வந்துவிட்டது. மூசை இப்போது கடையில் வாங்கும் கிராஃபைட். செம்பு உருகிய பிறகே பித்தளையைப் போடுகிறார்கள். பித்தளையிலுள்ள துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்துப் போகும் என்பதால், முதலிலேயே போட்டால் பாதி ஆகாயத்துக்குத்தான். கடைசியில் போட்டாலும் வெள்ளைப் புகை கிளம்பியது. துத்தநாக ஆக்சைடு புகை அது. அதிகம் சுவாசித்தால் அன்று மாலையே காய்ச்சலும் உடல்வலியும் வரும். உலையருகே நின்ற மூவரில் ஒருவர் துண்டால் மூக்கைக் கட்டியிருந்தார். மற்ற இருவருக்கும் அதுவும் இல்லை. காட்சிக்கூடத்துக்குக் குளிர்சாதனம் வாங்கிய பட்டறை, இவர்களுக்கு முகக்கவசம் வாங்காதது எனக்கு எரிச்சலாக இருந்தது.

இரும்புக் குறட்டை எடுக்கப் போனவர் கையில் உலர்ந்த சாக்கு. காலில் சுற்றியிருந்ததோ நனைத்த சாக்கு. எதற்கு இரண்டு விதம் என்று கேட்டேன்.

"காலுல அனல் அடிக்கும் சார், ஈரம் தாங்கும். கையில ஈரச் சாக்கு வச்சுக் கொறட்டப் பிடிச்சா கை வெந்துரும்."

சாக்கு இழைகளுக்கு நடுவே இருக்கும் காற்று சூட்டைக் கடத்தாது. அந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் கடத்தும். அனல் காற்றுவெளியில் கதிராக வந்து தாக்கும்போது அதே தண்ணீர் ஆவியாகிச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். பள்ளிப் புத்தகத்தில் தனித்தனிப் பத்தியில் படித்தவற்றை இவர் கையிலும் காலிலும் கட்டியிருந்தார். அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்க ஈரத்துணியைத் தேடும் நம் வீட்டுப் பழக்கம் எவ்வளவு தவறு என்று அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

குழியில் வாய் மேலாகப் புதைத்த அச்சுக்குள் உலோகம் அறுபடாத ஒரே தாரையாக இறங்கியது. அச்சு சூடாறியிருந்தால் விரல் நுனிக்குப் போகுமுன் உலோகம் இறுகிவிடும். சிலை முடமாகப் பிறக்கும். சூடான அச்சிலும் மெல்லிய விரல்கள் முதலில் இறுகும், கனத்த உடல் கடைசியில். இறுகும்போது சுருங்கும் உடலுக்கு மேலிருந்து உலோகம் ஊறிவந்து கொடுக்க வேண்டும். அதனால் ஊற்றுவாயைத் தாராளமாக வைக்கிறார்கள், அங்கேதான் கடைசிச் சூடு தங்கும்படி. நடராசருக்குத் திருவாசியைப் பெரும்பாலும் தனியே வார்ப்பதில் இந்த மெல்லிசு, கனம் சங்கடமும் தீர்கிறது.

அச்சை உடைக்க எப்போது வரட்டும் என்று கேட்டதற்குத் தேதி சொல்ல மறுத்துவிட்டார் ஸ்தபதி. ஆறுகிற சூடும் அதே மண்ணைத் தாண்டித்தான் வெளியே வரவேண்டும். பெரிய சிலை என்றால் பல நாள் ஆகும். அவசரப்பட்டு உடைத்துத் தண்ணீர் தெளித்தால் விரிசல்.

நான் கிளம்பும்போது வெளியூரிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கும்பாபிஷேகத் தேதியைச் சொல்லி நெருக்கிக்கொண்டிருந்தார். சிலைக்கு ஆர்டர் கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முகூர்த்தத்தைக் குறித்துவிட்டுப் பட்டறைக்குப் போகாதீர்கள். மண் காயவும் சுடவும் ஆறவும் எத்தனை நாள் என்று ஸ்தபதியிடம் முதலில் கேளுங்கள். கொடுக்கும் முன்பணத்தில் உலையடியில் நிற்பவர்களுக்கு நல்ல முகக்கவசம் வாங்கச் சொல்லியும் கேளுங்கள்.