ஆறு ஆம்பியர்

அக்கா பையன் ஒரு நாள் ராத்திரி பதினொன்றே முக்காலுக்குத் தன் மின்சார பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான். சஞ்சீவி நகர் சிக்னலில் உயிரை விட்டுவிட்டதாம். அங்கிருந்து பைபாஸ் காவிரிப் பாலத்தின் மேல், லாரிகள் உரசிக்கொண்டு போக, திருவானைக்காவல் வழியாக ஸ்ரீரங்கம் வரை தள்ளியிருக்கிறான். பெட்ரோல் வண்டியாக இருந்தால் யாராவது ஒரு புண்ணியவான் பாட்டிலில் அரை லிட்டர் கொடுத்திருப்பார். கரண்ட்டைப் பாட்டிலில் வாங்க முடியாது.

'நாளைக்கே இதுக்கு பெரிய சார்ஜரா போடறேன் மாமா. இல்லைன்னா காவிரில தள்ளிடறேன்' என்றான்.

காவிரியில் அப்போது தண்ணீர் இல்லை. அதனால் சார்ஜரைப் பற்றிப் பேசினோம்.

பின்னணி சொல்லவேண்டும். மாடியில் நான், கீழே அக்காவும் அவனும். அக்காவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், தில்லை நகரில். காலையில் அவளைப் பின்சீட்டில் உட்காரவைத்துக் கொண்டுபோய் விடுவான். நாலு மணி நேரம் கழித்துப் போய்க் கூட்டிவருவான். (ஆட்டோ வேண்டாம் என்பது அக்காவின் பிடிவாதம். 'அவன் குலுக்கற குலுக்கல்ல ஏத்தின ரத்தமெல்லாம் இறங்கிடும்.') மத்தியானம் இவனுக்குத் துவாக்குடியில் செகண்ட் ஷிப்ட். ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை. பெல் வந்ததிலிருந்து அந்தப் பக்கம் முழுக்க வெல்டிங் புகைதான். ராத்திரி பத்து மணிக்கு விடுவார்கள்.

கணக்குப் போட்டேன். நான் பழைய எலெக்ட்ரிகல் டிப்ளமோ. ரிடையரான பிறகு கணக்குப் போட ஏதாவது கிடைத்தால் விடமாட்டேன்.

மருத்துவமனைக்கு இரண்டு நடை, 28 கிலோமீட்டர். துவாக்குடி போய்வர 45. பைக் முழு சார்ஜில் ஓடுவது, மூன்று வருஷத்துக்குப் பிறகு, 65. காலையில் 100 சதவீதத்தோடு கிளம்பினால் பதினொன்றரைக்கு வீடு திரும்பும்போது 57 இருக்கும். ஒரு மணிக்கு மறுபடி கிளம்ப வேண்டும். நடுவே ஒன்றரை மணி நேரம் சார்ஜ்.

இங்கேதான் சிக்கல். கம்பெனி கொடுத்த சார்ஜர் 6 ஆம்பியர். பேட்டரி 72 வோல்ட், 45 ஆம்பியர்-அவர். அதாவது காலி பேட்டரி நிறைய ஏழரை மணி நேரம், கடைசியில் மெதுவாகும் நேரம் தனி. ஒன்றரை மணி நேரத்தில் ஏறுவது 20 சதவீதம். ஆக 77. காகிதத்தில் 50 கிலோமீட்டர் வரும், தேவை 45. அன்றைக்கு டயாலிசிஸ் முக்கால் மணி நேரம் தாமதம். 10 சதவீதம்தான் ஏறியிருக்கிறது. 67 சதவீதத்துக்கு 43 கிலோமீட்டர். எதிர்க்காற்று மிச்சத்தைச் சாப்பிட்டுவிட்டது.

6 ஆம்பியர் என்றால் எவ்வளவு என்பதை வீட்டு பாஷையில் சொல்கிறேன். அந்த சார்ஜர் பேட்டரிக்குள் தள்ளுவது சுமார் 450 வாட்ஸ். நம் இஸ்திரிப் பெட்டி 1000 வாட்ஸ். ஒரு சட்டைக்குக் கொடுக்கிற கரண்ட்டில் பாதியைக் கூட இந்த வண்டிக்குக் கொடுக்கவில்லை. 'அவ்ளோதானா?' என்று அவனுக்குக் கோபமே வந்துவிட்டது.

வண்டியை விற்றுவிட்டுப் பழையபடி பெட்ரோலுக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். கடன் அப்போதுதான் முடிந்திருந்தது. கம்பெனி போனை எடுப்பதை நிறுத்தி ஒரு வருஷமாகிறது. அநாதை மின்சார வண்டியை யாரும் வாங்குவதில்லை.

பாலக்கரையில் ஒருவரைப் பிடித்தான். மோட்டார் விண்டிங்கில் ஆரம்பித்து, யுபிஎஸ் ரிப்பேருக்கு வந்து, இப்போது லித்தியம் பேட்டரியில் நிற்கிறவர். கெட்டிக்காரர். பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே பென்டார்ச் செல்லைவிடச் சற்றுப் பெரிதாக 360 உருளைகள். பதினெட்டு பதினெட்டாகக் கைகோத்து நிற்கும் குழுக்கள் இருபது, ரயில் பெட்டி போல ஒன்றன்பின் ஒன்றாக. ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒரு மெல்லிய ஒயர் கிளம்பி ஒரு பச்சைப் பலகைக்குப் போகிறது. பி.எம்.எஸ். என்கிற காவல்காரன். எந்தக் குழுவும் 4.2 வோல்ட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. தாண்டினால் சார்ஜை அறுத்துவிடுவான். நெற்றியில் '15 ஆம்பியர் வரை' என்று எழுதி ஒட்டியிருந்தது.

'20 ஆம்பியர் சார்ஜர் போட்டுடலாம் சார். ரெண்டேகால் மணி நேரத்துல ஃபுல்லு.'

'பி.எம்.எஸ். 15ன்னு சொல்லுதே?'

'அதைத் தொடவே வேணாம் சார். மோட்டாருக்குப் போற தடி ஒயர் இருக்குல்ல, அதுவழியா நேரா உள்ள குடுத்துடலாம். அது 60 ஆம்பியர் தாங்கும்.'

தாங்கும்தான். காவல்காரன் வாசலில் நிற்கும்போது கொல்லைப்பக்கக் கதவு வழியாகப் போவது மாதிரி. நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்களாம், ஒன்றும் ஆகவில்லையாம். பையன் முகம் மலர்ந்துவிட்டது. எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது.

காரணம் சொல்கிறேன். கொஞ்சம் பௌதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒயரிலும் ப்ளக்கிலும் உண்டாகும் சூடு கரண்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. 6லிருந்து 20க்குப் போனால் பதினோரு மடங்கு. பைக்கில் இருந்த சார்ஜிங் ஓட்டை 10 ஆம்பியருக்கானது, அதுவும் மூன்று வருஷமாகச் சொருகிச் சொருகித் தளர்ந்தது. தளர்ந்த இடத்தில் சூடு இன்னும் அதிகம்.

செல்லுக்குள் நடப்பது வேறு கதை. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒரு பக்கத்திலிருந்து கிளம்பி எதிர்ப்பக்கத்து கிராஃபைட் அடுக்குகளுக்குள் நுழைந்து உட்காரவேண்டும். வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசல் திறந்ததும் ஜனங்கள் நுழைவதைப் பார்த்திருப்பீர்கள். வாசலின் அகலம் அவ்வளவுதான். பின்னாலிருந்து நெருக்கினால் வேகமாக உள்ளே போகமாட்டார்கள், வாசலிலேயே குவிவார்கள். லித்தியமும் அப்படித்தான். உள்ளே போக முடியாதது வெளியிலேயே உலோகமாகப் படிந்துவிடும். படிந்ததில் ஒரு பகுதி திரும்ப வேலைக்கு வராது. ஊசிபோல் வளர்ந்து நடுத்தடுப்பைக் குத்தினால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட்.

நியாயமாகச் சொன்னால் 20 ஆம்பியர் என்பது இந்த 360 செல்லுக்கும் புதிதில் பெரிய சுமையில்லை. பங்கு போட்டால் ஒரு செல்லுக்கு ஒரு ஆம்பியர் சொச்சம். ஆனால் இவை திருச்சி வெயிலில் மூன்று கோடை பார்த்த செல்கள். இருபது குழுவில் ஒன்றிரண்டு நிச்சயம் சோகையாக இருக்கும். சோகையான குழு மற்றவற்றுக்கு முன்பே நிறைந்துவிடும். காவல்காரனைச் சுற்றிக்கொண்டு போனால் 'போதும்' என்று சொல்ல அங்கே ஆளில்லை.

'கார்ல எல்லாம் அரை மணி நேரத்துல ஏத்தறாங்களே மாமா?'

ஏற்றுகிறார்கள். காரில் மட்டுமில்லை. சென்னையைச் சேர்ந்த ராப்டீ என்ற கம்பெனி 2024 அக்டோபரில் ஒரு மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. கார்களுக்கான சார்ஜிங் துப்பாக்கியையே அதில் சொருகலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த இருவர் 2013ல் ஆரம்பித்து, ஓசூரில் வண்டி செய்யும் ஏத்தர் கம்பெனியின் சார்ஜிங் பிளக்கை ஆதாரமாகக் கொண்டு 2023ல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு இலகு வாகனங்களுக்கு ஒரு தரத்தையே வகுத்தது. இவற்றிலெல்லாம் விசேஷம் தடி ஒயர் மட்டுமில்லை. சார்ஜரும் பேட்டரியும் பேசிக்கொள்கின்றன. 'எனக்குச் சூடாகிறது' என்று பேட்டரி சொன்னால் சார்ஜர் உடனே குறைத்துக்கொள்ளும். நம் வண்டியில் இருப்பது இரண்டு ஒயர். சார்ஜர் ஊமை, பேட்டரி செவிடு.

இதையெல்லாம் படம் போட்டு விளக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'நீங்க பாலத்துல வண்டி தள்ளல மாமா' என்றான்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. வேறொன்றைச் சொல்லவேண்டியிருந்தது, அக்கா காதில் விழாமல். 2022 மார்ச்சில் வேலூரில் ஒரு வீட்டில் ராத்திரி சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் பற்றிக்கொண்டு, புகையில் மூச்சுத் திணறி ஒரு தகப்பனாரும் மகளும் இறந்துபோனார்கள். அந்த வருஷம் நாட்டில் பல இடங்களில் இப்படி வண்டிகள் எரிந்த பிறகுதான் அரசாங்கம் பேட்டரிக்கான பாதுகாப்பு விதிகளை இறுக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக அமலுக்குக் கொண்டுவந்தது. நம் வண்டி அதற்கு முந்தியது. அது சார்ஜ் ஆவது ரேழியில். அக்காவின் கட்டில் ரேழியை ஒட்டிய அறையில். ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். ரயில் பெட்டி. ரேழியில் தீ என்றால் வாசலுக்கு வழி கிடையாது.

அவன் ஒன்றும் பேசவில்லை. பாலக்கரைக்காரருக்கு போன் செய்து 'ரெண்டு நாள் கழிச்சு வரேண்ணே' என்றான்.

அக்காவுக்குக் காது கூர்மை என்பதை நாங்கள் இருவருமே மறந்துவிட்டோம். அடுத்த டயாலிசிஸ் நாளன்று, நானும் கூடப் போயிருந்தபோது, மெஷினில் படுத்தபடியே ஆரம்பித்தாள்.

'ஏம்ப்பா, இதையே ரெண்டு மணி நேரத்துல முடிக்க முடியாதா?' என்று டெக்னீஷியனைக் கேட்டாள். அவர் பதறிவிட்டார். 'ரெண்டரை லிட்டர் தண்ணி எடுக்கணும்மா. வேகமா இழுத்தா பி.பி. இறங்கிடும், கால் இழுத்துக்கும். உடம்பு குடுக்கற வேகத்துலதான் எடுக்கணும்.'

அக்கா பையனைப் பார்த்தாள். 'கேட்டியா' என்று மட்டும் சொன்னாள். நான் மூன்று நாள் படம் போட்டதற்கு இது போதுமாக இருந்திருக்கிறது.

கடைசியில் 12 ஆம்பியர் என்று முடிவாயிற்று. காவல்காரன் அனுமதிக்கிற 15க்குள். லித்தியம்-அயான் பேட்டரிக்காக 2019ல் நோபல் பரிசு வாங்கிய மூவரில் ஒருவர் பெயர் ஜான் குட்இனஃப். 97 வயதில் வாங்கினார். நோபல் பெற்றவர்களிலேயே அதிக வயதானவர். 2023ல் தன் நூறாவது வயதில் காலமானார். பெயருக்கு அர்த்தம், 'இது போதும்'. எங்கள் 12 ஆம்பியருக்கு அவர் ஆசீர்வாதம் இருப்பதாக எடுத்துக்கொண்டேன்.

பாலக்கரைக்காரர் முதலில் சுணங்கினாலும் வேலையைச் சுத்தமாகச் செய்தார். 84 வோல்ட்டில் சரியாக நிற்கிற 12 ஆம்பியர் சார்ஜர். தளர்ந்த ஓட்டையைப் பிடுங்கிவிட்டு 20 ஆம்பியர் தாங்கும் புது சாக்கெட், பி.எம்.எஸ். வழியாகவே. சோகையாக இருந்த ஒரு குழுவை மற்றவற்றோடு சமன் செய்தார். 'கேக்காமலே செஞ்சிருக்கணும் சார்' என்று அவரே சொன்னார்.

வீட்டுப்பக்க வேலை என்னுடையது. 12 ஆம்பியர் என்பது பேட்டரிப் பக்கம். சுவரிலிருந்து அது இழுப்பது சுமார் 1100 வாட்ஸ், அதாவது 5 ஆம்பியர். ரேழியில் இருந்தது டி.வி.க்குப் போடுகிற 6 ஆம்பியர் ப்ளக் பாயிண்ட், என் தகப்பனார் காலத்து அலுமினியம் ஒயரில். மணிக்கணக்கில் அதை நம்பக்கூடாது. மெயினிலிருந்து தனியாகச் செப்பு ஒயர் இழுத்து, 16 ஆம்பியர் பிளக், தனி எம்.சி.பி., ஷாக் அடித்தால் அறுத்துவிடும் ஆர்.சி.சி.பி., புதுசாக ஒரு எர்த். இவை சார்ஜரைவிட அதிகம் செலவு வைத்தன. பாயிண்ட்டையும் ரேழியில் வைக்கவில்லை. வாசல் திண்ணையை ஒட்டிக் கம்பி கேட்டுக்குள், மேலே ஒரு தகரக் கூரை. அழகில்லைதான். எதிர்வீட்டுக்காரர் 'என்ன சார், பங்க் திறக்கிறீங்களா?' என்றார்.

இப்போது வெயிலில் ஓடிவந்த வண்டியை உடனே சொருகுவதில்லை, அரை மணி நேரம் ஆறவிடுகிறான். மிச்சம் ஒரு மணி நேரத்தில் 57 சதவீதம் 83, 84 ஆகிவிடுகிறது. துவாக்குடி போய்வந்து பத்துக்கு மேல் மீதியும் இருக்கிறது. ராத்திரிக்குப் பழைய 6 ஆம்பியர்தான், வாசலிலேயே. அதையும் டயாலிசிஸ் இல்லாத நாட்களுக்கு 80 சதவீதத்தில் நிறுத்தப் பழகிவிட்டான். அகாலத்தில் அலாரம் வைத்து யார் பிடுங்குவது என்ற கேள்விக்குப் பதினைந்து நாள் நான் என்று பதில் இருந்தது. பிறகு ஒரு டைமர் வாங்கினோம்.

ஆனாலும் பழக்கம் விடவில்லை. பத்தே முக்காலுக்கு அவன் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டால் இறங்கிப் போகிறேன். சொருகிக் கொஞ்ச நேரம் கழித்து ப்ளக்கைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறேன். போன வாரம் அப்படிக் குனிந்திருந்தபோது ஜன்னலுக்குள்ளிருந்து அக்கா குரல்.

'சுடுதா?'

'இல்ல.'

'அப்ப போய்ப் படு. எனக்குக் காலைல ஆறு மணிக்குக் கிளம்பணும்.'