பாலாற்றங்கரைப் பயணம் – 6
ஆம்பூரில் கேட்ட நான்கு

வேலூர் ஐடா ஸ்கடர் சாலையில் விடியும்போதே நாலைந்து மொழிகள் கேட்கத் தொடங்கிவிடுகின்றன. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருவோரை நம்பி வாழும் பகுதி அது. லாட்ஜ் பலகையில் வங்காளம், மெஸ் பலகையில் இந்தி. சென்ற வாரம் கோட்டை அகழியோரம் நிறுத்திய பயணத்தை அங்கே ஒரு டீக்கடையில் தொடர்ந்தேன்.

பெஞ்சில் இருந்த பெரியவர், "மணி என்ன தம்பி?" என்றார். பேச்சில் மலையகச் சாயல். "இலங்கையா ஐயா?" என்றேன். "இல்ல, கச்சால்" என்றார்.

கச்சால் நிக்கோபார் தீவுகளில் ஒன்று. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றை 1970களில் அங்குள்ள ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். அவர்களோடு பழகிக் கற்ற தமிழ் இவருடையது. பிறப்பால் நிக்கோபாரி, மனைவியின் சிகிச்சைக்காக வந்திருக்கிறார். முதலாம் இராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி 'மாநக்கவாரம்' என்று சொல்வது இந்தத் தீவுகளைத்தான். பெயரை ஆயிரம் ஆண்டுகளாக அறிந்திருக்கிறோம். அங்குள்ளவர் பேச்சில் ஒரு சொல்லும் எனக்குத் தெரியாது.

எண்ணிக் காட்டச் சொன்னேன். நான்குக்கு 'ஃபோஆன்' வந்தது. கண்ணுக்கு 'ஒல்மத்' என்றார். கடைசி 'த்' நாக்கிலேயே அடைந்து நின்றது. நான் சொன்னபோது 'ஒல்மத்து' ஆகிவிட்டது. வல்லினத்தில் சொல்லை முடிக்க நம் நாக்கு ஓர் உகரத்தைத் தேடுகிறது. அவர் சிரிக்காமல் மூன்று முறை திருத்தினார். மூக்கின் வழி வரும் உயிரொலிகளும், தொண்டையில் ஒரு கணம் மூச்சை மறிக்கும் ஒலியும் அந்த மொழியில் உண்டு. அவை மாறினால் பொருளும் மாறும்.

வாக்கியம் எப்படி அமையும் என்று கேட்டேன். "நீங்க 'நாய் மீனைத் தின்னுச்சு'ன்னு சொல்வீங்க. எங்க பேச்சுல தின்னுச்சு முதல்ல, மீன் அப்புறம், நாய் கடைசி." தமிழில் என்ன நடந்தது என்று அறியக் கடைசிவரை காத்திருக்கிறோம். அங்கே யார் செய்தது என்று அறியக் காத்திருக்க வேண்டும்.

தமிழ்ச் சொல் பின்னால் மட்டுமே வளரும். நிக்கோபாரிச் சொல் தன் நடுவே இடம் விட்டு ஓர் ஒட்டை உள்ளே வாங்கிக்கொள்ளும். வினை பெயராவது இப்படியும் நடக்கும். இதை ஆர். ராதாகிருஷ்ணன், நிக்கோபாரி மொழிகளுள் ஒன்றான நான்கவுரி பற்றிய தம் 1981ஆம் ஆண்டு நூலில் விரித்து ஆராய்ந்திருக்கிறார். அதற்கு நூறாண்டு முன்னர் அகராதி தொகுத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ரோப்ஸ்டார்ஃப். 1883இல் கமோர்ட்டா தீவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு அவர் மனைவி அந்த அகராதியைக் கல்கத்தாவில் வெளிக்கொண்டுவந்தார். இறந்தவரின் பெயரை உச்சரிப்பதில்லை என்ற வழக்கத்தை ரோப்ஸ்டார்ஃப் பதிவு செய்திருக்கிறார். பெயராக இருந்தது அன்றாடச் சொல் என்றால் அந்தச் சொல்லும் விலக்கப்படும். வேறு சொல் தேட வேண்டும். துக்கம் அகராதியையே மாற்றியிருக்கிறது.

பெரியவரிடம் விடைபெற்று ஆம்பூர் பஸ் ஏறினேன். பள்ளிகொண்டா, மாதனூர் தாண்டித் துத்திப்பட்டில் இறங்கியதும் தோல் வாசனை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட ஊர்கள் இவை. பிறகு குரோம் வந்தது, ஷூ கம்பெனிகள் வந்தன. கம்பெனி வாசலில் அட்டைப்பெட்டிகளை ஜோடிக் கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தார்கள். நிக்கோபாரில் தேங்காயையும் ஜோடி ஜோடியாகத்தான் எண்ணுவார்கள்.

ஷிப்ட் முடிந்து வந்த இளைஞர் ஒருவர் ஜார்க்கண்ட்காரர், தாய்மொழி சந்தாலி. என் குறிப்பேட்டைக் காட்டி, உங்கள் மொழியில் நான்கு என்ன என்று கேட்டேன். "போன்" என்றார். கண்? "மெத்." அதே அடைத்த 'த்'. எனக்குச் சிலிர்த்தது. ஃபோஆன், போன், ஒல்மத், மெத். இடையே கடல் கிடக்கிறது. இரண்டும் ஆஸ்திரோ ஆசியக் குடும்பம். காசி, கெமர், வியட்நாமியம் எல்லாம் உறவு. சந்தாலியிலும் சொல்லின் நடு திறக்கும்: 'தல்' என்றால் அடி, 'தபல்' என்றால் ஒருவரை ஒருவர் அடி.

ஆனால் இரண்டின் நிலையும் ஒன்றல்ல. சந்தாலியைப் பேசுவோர் 2011 கணக்கெடுப்பில் 73 லட்சம் பேர். 2003இல் அது எட்டாவது அட்டவணையில் சேர்ந்தது. நிக்கோபாரியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் அதே கணக்கெடுப்பில் சுமார் 29,000 பேர்தான். அவர்களும் தீவுக்குத் தீவு வேறுபடும் பல மொழிகளாகப் பிரிந்தவர்கள். 2004 சுனாமி அந்தத் தீவுகளில் ஊர் ஊராக வாரிச் சென்றது. "பேரப்பிள்ளைங்க இந்தியிலதான் பதில் சொல்லுதுங்க தம்பி" என்று பெரியவர் காலையில் சொன்னது காதில் நிற்கிறது.

மொழி பிழைப்பது வீட்டுப் பிள்ளைகளின் வாயில்தான். அதை வெளியார் செய்துவிட முடியாது. ஆனால் நம் ஊருக்கு வந்தவரிடம் அவர் மொழியைப் பற்றி மரியாதையோடு கேட்க நம்மால் முடியும். வேலூர் லாட்ஜிலோ ஆம்பூர் பஸ்ஸிலோ பக்கத்தில் இருப்பவரிடம் அவர் மொழியில் நான்குக்கு என்ன சொல் என்று கேளுங்கள். திருத்தினால், திருத்தியபடி திரும்பச் சொல்லுங்கள்.

(அடுத்த வாரம்: வாணியம்பாடி)